கிலோ குறையல, சரி. இடுப்பு என்ன சொல்லுது?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் நான் பேசறது நல்லம்பள்ளியில இருந்து. தெரியாதவங்களுக்கு: தருமபுரியில இருந்து சேலம் போற வழியில, தொப்பூர் கணவாய்க்கு முன்னாடி வர ஊர். நடுவுல லாரி ஹாரன் கேட்டா எடிட்டர் தூங்கிட்டார்னு நினைக்காதீங்க. என்எச் 44 பக்கத்துலயே ஓடுது, அதை எந்த சாஃப்ட்வேராலும் எடுக்க முடியாது.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல ஒண்ணைப் பத்தித்தான் இன்னிக்கு முழுக்கப் பேசப் போறேன். அனுப்பினவங்களுக்கு 29 வயசு, பெங்களூர்ல வேலை. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. மூணு மாசமா வாரத்துக்கு நாலு நாள் ஜிம் போறாங்க. ஆரம்பிச்ச அன்னிக்கு எடை 74.2 கிலோ. இப்போ 73.6. "அறுநூறு கிராம்! ஒரு பால் பாக்கெட்டை விடக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். இதுக்கா நான் காலையில அஞ்சு மணிக்கு எழுந்தேன்?" அப்படின்னு கேக்கறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க, ஆனா குரல் உடையுது. ட்ரெய்னரும் எடையைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டாராம். அதனால அடுத்த மாசம் மெம்பர்ஷிப்பை விட்டுடலாம், அதுக்குப் பதிலா ராத்திரி சாப்பாட்டை அடியோட நிறுத்திடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. "சரியாண்ணா?"ன்னு கேள்வி.

அதே வாய்ஸ் நோட்ல, போற போக்குல ரெண்டு விஷயம் சொல்றாங்க. ஒண்ணு, ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேர் ஆன அன்னிக்கு நாலு மாடி ஏறியும் மூச்சு வாங்கல. இன்னொண்ணு, பேண்ட் லூஸாயிடுச்சு. "துவைச்சுத் துவைச்சு லூஸாயிருக்கும்"னு அவங்களே ஒரு விளக்கமும் கொடுத்துட்டாங்க!

இங்கதான் நான் ஆடியோவை நிறுத்திட்டு ரெண்டாவது தடவை கேட்டேன். உடம்பு பதில் சொல்லியிருக்கு. இவங்க அதைத் துணி மேல பழி போட்டுட்டாங்க. ஏன்னா மெஷின் வேற பதில் சொல்லுது, மெஷின் பொய் சொல்லாதுன்னு ஒரு நம்பிக்கை.

மெஷின் பொய் சொல்லல. அது கேக்கற கேள்வியே வேற. பூமி உங்களை எவ்வளவு பலமா இழுக்குதுன்னு மட்டும்தான் அது பார்க்குது. அந்த இழுப்புல கொழுப்பும் இருக்கு, தசையும் இருக்கு, எலும்பு, ரத்தம், காலையில குடிச்ச தண்ணி, நேத்து ராத்திரி சாப்பிட்ட பிரியாணி எல்லாம் இருக்கு. எது கூடிச்சு, எது குறைஞ்சதுன்னு அதுக்குத் தெரியாது.

தண்ணி மேட்டரைக் கொஞ்சம் பார்ப்போம். நம்ம தசையிலயும் ஈரல்லயும் மாவுச்சத்து கிளைக்கோஜன்கிற வடிவத்துல சேர்ந்திருக்கு. ஒரு கிராம் கிளைக்கோஜனோட ஏறக்குறைய மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும். சாதத்தை நிறுத்தினா முதல் வாரமே சடசடன்னு எடை இறங்குதே, அதுல பெரும்பங்கு இந்தத் தண்ணிதான். திரும்பச் சாதம் சாப்பிட்ட அன்னிக்கு அது திரும்பி வந்துடும். அதே மாதிரி உப்பு ஜாஸ்தியா சாப்பிட்ட மறுநாள், பீரியட்ஸுக்கு முந்தின நாட்கள், புதுசா பயிற்சி ஆரம்பிச்சுத் தசை வலிக்கிற வாரங்கள், எல்லாத்துலயும் உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். ஒரே நாள்ல காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு கிலோ, ஒண்ணரை கிலோ வித்தியாசம் சர்வ சாதாரணம். அப்படி ஆடற ஒரு எண்ணை வெச்சுக்கிட்டு அறுநூறு கிராமுக்கு அழுதா எப்படி?

இவங்க விஷயத்துல இன்னொண்ணும் நடந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. கொழுப்பு குறைஞ்சு தசை கூடியிருக்கும். ஒரே எடையுள்ள தசை, கொழுப்பை விடக் குறைச்சலான இடத்தைத்தான் அடைக்கும். அதனாலதான் மெஷின் அசையாம நிக்குது, பேண்ட் மட்டும் லூஸாகுது.

சரி, எடை குறையாததைப் பத்திப் பேசிட்டோம். எடை குறையறதைப் பத்திப் பேசுவோமா? அதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தர விஷயம்.

எங்க சித்தப்பா ஒருத்தர், லாரி ஓட்டினவர். நாலு மாசத்துல நல்லாவே இளைச்சார். டயட் இல்ல, வாக்கிங் இல்ல. பார்க்கிறவங்க எல்லாம் பாராட்டு. "என்னப்பா, தொப்பை எல்லாம் கரைஞ்சு வாலிபமா ஆயிட்டே?" அவருக்கும் பெருமைதான். ஆனா ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறார், எப்பவும் தாகம், ஸ்டியரிங் பிடிச்சா கை அசருது. கடைசியில ஒரு மருத்துவ முகாம்ல விரல் நுனியைக் குத்திப் பார்த்தா சர்க்கரை 300-ஐத் தாண்டி நிக்குது.

என்ன நடந்ததுன்னா, இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ ரத்தத்துல இருக்கற சர்க்கரை செல்லுக்குள்ள போகாது. 180-ஐ ஒட்டித் தாண்டினதும் அது சிறுநீர்ல வழிய ஆரம்பிக்கும். உடம்பு பட்டினின்னு நினைச்சுக்கிட்டுக் கொழுப்பையும் தசையையும் உருக்கி எரிக்கும். மெஷின்ல பார்த்தா அழகா இறங்குமுகம். ஃபிட்னெஸ் ஆப்ல போட்டா கோப்பை குடுக்கும். முயற்சி எதுவும் பண்ணாமலேயே, ஆறு மாசம் ஒரு வருஷத்துக்குள்ள, உங்க எடையில 20-ல ஒரு பங்கு போயிருந்தா அது சாதனை இல்லைங்க, டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறி. சர்க்கரையா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், காசநோயா இருக்கலாம், வேற ஏதாவதா இருக்கலாம்.

இதுல நம்ம வாய்க்கும் பங்கு இருக்கு. ஊர்ப் பக்கம் "உடம்பு போட்டிருக்கியே"ன்னா பாராட்டு, "இளைச்சுட்டியே"ன்னா விசாரிப்பு. பெங்களூர் பஸ் ஏறி இறங்கினா ரெண்டும் அப்படியே தலைகீழ். ஆனா ரெண்டு ஊர்லயும் கண்ணு பார்க்கிறது பருமனை மட்டும்தான். உள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு ஊரும் கேக்கறதில்ல.

உள்ள என்ன நடக்குதுங்கறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ரெண்டு டாக்டர்கள். புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். 2004-ல லான்செட் இதழ்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னக் குறிப்பு எழுதினாங்க. ரெண்டு பேர் பேரும் ஆங்கிலத்துல 'ஒய்'ல ஆரம்பிக்கும்ங்கறதால அதுக்கு 'ஒய்-ஒய் முரண்'னு பேர். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணுதான், 22.3. அந்தக் கணக்குப்படி ரெண்டு பேரும் நார்மல். ஆனா உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ரெண்டு மடங்குக்கும் மேல! இதுல ஒரு வெள்ளைக்காரர், ஒரு இந்தியர். அதே யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளைக்கூட அளந்திருக்கு. நம்ம குழந்தைகள் ஒல்லியாத்தான் பிறக்குது, ஆனா அந்த ஒல்லியிலயும் தசை குறைச்சல், கொழுப்பு அவ்வளவா குறையறதில்ல. அதாவது இது நம்ம சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, கூடவே வர சொத்து.

அதனாலதான் நம்ம ஆளுங்களுக்கு எல்லைக்கோடே வேற. பிஎம்ஐ 25-ல அதிக எடைன்னு உலகம் சொன்னா, இந்தியர்களுக்கு 23-லயே மணி அடிக்கச் சொல்றாங்க. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதுக்கு மேல போனா வயிற்றுப் பருமன்.

இதை வெச்சு சென்னையில இருக்கற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், டாக்டர் வி. மோகன் குழு, 2005-ல ஒரு எளிய மதிப்பெண் அட்டையை வெளியிட்டாங்க. இந்தியன் டயபடிஸ் ரிஸ்க் ஸ்கோர். மொத்தம் நாலே கேள்வி. வயசு என்ன, இடுப்பு எவ்வளவு, உடல் உழைப்பு உண்டா, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா. நூத்துக்கு மதிப்பெண், 60-ம் அதுக்கு மேலயும் வந்தா ஆபத்து அதிகம். கவனிச்சீங்களா? அந்த நாலு கேள்வியில எடை இல்ல!

போட்டுப் பார்ப்போம். 27 வயசுப் பையன். 35-க்குக் கீழன்னா வயசுக்குப் பூஜ்யம். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சர்க்கரை, 20. ஐடி வேலை, உட்கார்ந்த இடம், பயிற்சி எதுவும் கிடையாது, 30. இடுப்பு 92 சென்டிமீட்டர், 10. கூட்டினா 60. பையன் பார்க்க ஒல்லி, சட்டை மீடியம் சைஸ், கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனா "மாப்பிள்ளை ஸ்லிம்"னு சொல்வாங்க. அட்டை வேற சொல்லுது. இதுல வயசையும் பெத்தவங்களையும் அவனால மாத்த முடியாது. மாத்த முடிஞ்சது ரெண்டே ரெண்டு: உழைப்பு, இடுப்பு.

இவன் மாதிரி எத்தனை பேர்? ஐசிஎம்ஆரோட சேர்ந்து இதே நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை அளந்த இண்டியாப் ஆய்வு 2023-ல வெளிவந்தது. பிஎம்ஐ கணக்குல பருமனானவங்க 28.6 சதவீதம். வயிற்றுப் பருமன் கணக்குல 39.5 சதவீதம். அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பாருங்க. எடைக் கணக்குல தப்பிச்சு, டேப் போட்டா மாட்டிக்கிறவங்க நம்ம நாட்டுல அவ்வளவு பேர் இருக்காங்க.

இப்போ ஆடு. ஆமாங்க, ஆடு. நல்லம்பள்ளி வாரச்சந்தை ஆட்டுக்குப் பேர் போனது. நீங்க அங்க போய் நின்னா, ஆட்டைத் தராசுல ஏத்துறதை விட ஆள் கை வெச்சுப் பார்க்கிறதைத்தான் அதிகம் பார்ப்பீங்க. வாங்க வரவர் முதல்ல கடைசி விலா எலும்புக்குப் பின்னாடி, முதுகுத்தண்டு மேல கையை வெச்சு அழுத்துவார். எலும்பு முள்ளு முள்ளா குத்துதா, சதை மூடியிருக்கா? அப்புறம் உதட்டைப் பிரிச்சுப் பல்லு எத்தனைன்னு பார்ப்பார், அது வயசு. இடுப்போட சேர்த்துத் தூக்கிப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். வயிறு புடைச்சிருந்தா சந்தேகப்படுவார். சந்தைக்கு ஓட்டிட்டு வரதுக்கு முன்னாடி தழையும் தண்ணியும் வயிறு முட்டக் காட்டியிருக்கலாம் இல்லையா? அந்த வயித்தை நம்பிக் காசு குடுத்தா, வீட்டுக்குப் போறதுக்குள்ள பாதி புழுக்கையா போயிடும்.

இதையேதான் கால்நடை மருத்துவத்துல உடல் நிலை மதிப்பெண்னு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போட்டுப் பாடமா நடத்தறாங்க. அதே கை, அதே முதுகுத்தண்டு. நான் சொல்ல வர்றது, ஒரு ஆட்டுக்கு நாம கேக்கற அளவுக்குக்கூட நம்ம உடம்பைப் பத்திக் கேக்கறதில்ல. எலக்ட்ரானிக் பலகை மேல ஏறினோம், எண்ணைப் பார்த்தோம், அன்னிக்கு முழுக்க மூட் அவுட். முந்தி பஸ் ஸ்டாண்டுலயும் ரயில்வே ஸ்டேஷன்லயும் கலர் லைட்டு சுத்தற மெஷின் இருக்கும், ஞாபகம் இருக்கா? காசு போட்டா ஒரு அட்டை விழும். முன்னாடி எடை, பின்னாடி ஜோசியம். ரெண்டையும் ஒரே அளவுக்கு நம்பின காலம் அது. அந்த மனநிலைதான் ஆரோக்கியமானதுன்னு எனக்கு இப்போ தோணுது.

சரி, எதை அளக்கணும்?

முதல்ல இடுப்பு. இதுலதான் ஆம்பளைங்க பெரிய தில்லாலங்கடி பண்றோம். "நான் பத்து வருஷமா 32 சைஸ் பேண்ட்தான்"னு சொல்லிக்குவோம். பேண்ட் எங்க நிக்குது? தொப்பைக்குக் கீழ! தொப்பை மேல பால்கனி மாதிரி தொங்குது, கீழ பேண்ட் அதே 32. அதனால பேண்ட் சைஸை நம்பாதீங்க. டெய்லர் டேப் ஒண்ணு வாங்குங்க, சில்லறைக் காசுதான். சட்டையை எடுத்துட்டு நேரா நில்லுங்க. பக்கவாட்டுல கடைசி விலா எலும்போட அடி விளிம்பைத் தடவிப் பாருங்க, அதுக்குக் கீழ இடுப்பெலும்போட மேல் விளிம்பு. ரெண்டுக்கும் நடுவுல டேப் வரணும். தரைக்கு இணையா, பின்னாடி சரியாம. வயித்தை எக்கக் கூடாது. சாதாரணமா மூச்சை விட்டு முடிச்ச நொடியில படிக்கணும். டேப் தோலைத் தொடணும், அமுக்கக் கூடாது. ரெண்டு தடவை எடுத்து எழுதி வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும், தினமும் வேண்டாம். தினமும் பார்த்தா டேப்பும் இன்னொரு எடை மெஷின் ஆயிடும்.

டேப் இல்லையா? ஒரு நூல் எடுங்க. உங்க உயரத்துக்கு அளந்து வெட்டுங்க. ரெண்டா மடிங்க. மடிச்ச நூல் இடுப்பைச் சுத்தி முட்டுதா? முட்டினா நல்லது. முட்டலைன்னா வேலை இருக்கு. இடுப்பு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்ங்கறது இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2022-ல சொன்ன வழிகாட்டுதல். உயரம் 160 சென்டிமீட்டர்னா 80-க்குள்ள. எங்க பாட்டி காலத்துல இதுக்குத் தனிக் கருவியே தேவைப்படல, அரணாக்கயிறு இருந்தது. கயிறு இறுகுதுன்னா வயிறு கூடுது. வருஷா வருஷம் புதுக் கயிறு கட்டும்போது பழசை வெச்சுப் பார்த்தா வருஷக் கணக்கே கிடைச்சுடும். கயிறு கொஞ்சம் கீழ நிக்கும், மருத்துவ அளவுக்கு அது சரியா வராது, அது வேற விஷயம்.

அடுத்தது பலம். 2015-ல ப்யூர்ங்கிற ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகள், ஏறக்குறைய ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேர். கைப்பிடி எவ்வளவு இறுக்கம்னு அளந்துட்டு வருஷக் கணக்கா அவங்களைத் தொடர்ந்து பார்த்தாங்க. பிடி அஞ்சு கிலோ குறையக் குறைய, இறக்கும் ஆபத்து 16 சதவீதம் கூடிக்கிட்டே போச்சு. மேல் ரத்த அழுத்தத்தை விட இந்தப் பிடி நல்லா முன்கூட்டிச் சொல்லுதாம். அதுக்காகக் கைப்பிடியை மட்டும் பிசைஞ்சுக்கிட்டு உட்காராதீங்க, பிடிங்கறது மொத்த உடம்பு பலத்துக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான். வீட்டுல இதை அளக்க உங்ககிட்ட ஏற்கனவே கருவி இருக்கு: 20 லிட்டர் தண்ணி கேன். இருபது கிலோ. வாசல்ல இருந்து கிச்சன் வரைக்கும் தூக்கிட்டு வர்றப்போ நடுவுல எத்தனை தடவை இறக்கி வைக்கறீங்க? மூணு மாசம் கழிச்சு எத்தனை தடவை? ஒரு எச்சரிக்கை, ஏற்கனவே முதுகுவலி இருக்கறவங்க கேன் பக்கமே போகாதீங்க, இது உங்களுக்கான பரீட்சை இல்ல. இன்னொண்ணு, முதல் ஆறு வாரத்துல கூடற பலத்துல பெரும்பாலும் தசை வளர்ந்ததால வர்றது இல்ல, நரம்பு தசையைச் சரியா வேலை வாங்கக் கத்துக்கறதால வர்றது. கண்ணாடியில எதுவும் தெரியலையேன்னு அந்த ஆறு வாரத்துல விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம். ஆனா வேலை அப்போதான் ஆரம்பிச்சிருக்கு.

மூச்சு. இங்க தருமபுரிப் பக்கம் விடியக்காலையில மைதானத்துக்குப் போனா போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடற பசங்களைப் பார்க்கலாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல பையன்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். பொண்ணுங்களுக்கு 400 மீட்டர், ரெண்டரை நிமிஷம். உயரம் பார்ப்பாங்க, பையன்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தா அஞ்சு சென்டிமீட்டர் விரியணும். கயிறு ஏறணும், தாண்டணும். அந்தப் பசங்ககிட்ட "எத்தனை கிலோ?"ன்னு கேட்டுப் பாருங்க, யோசிப்பாங்க. "எத்தனை நிமிஷம்?"னு கேட்டா விநாடி சுத்தமாச் சொல்வாங்க. உங்களுக்கும் அப்படி ஒரு ஓட்டம் வேணும். ஓட வேண்டாம், ஒரே பாதையில ஒரே தூரம் வேகமா நடங்க, நேரத்தைக் குறிங்க. அல்லது ஆபீஸ் படி. ஏறி முடிச்சதும் நிறுத்தாம ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா? நம்ம லிஸனர் நாலு மாடி ஏறிப் பேசியிருக்காங்க. அதை அவங்க டைரியில எழுதவே இல்ல!

காலையில கண் முழிச்சதும், போனைத் தொடறதுக்கு முன்னாடி, மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு அரை நிமிஷம் நாடியை எண்ணி ரெண்டால பெருக்குங்க. நாடி பார்க்கறதுன்னா வைத்தியர் வேலைன்னு நினைக்காதீங்க, எண்ணத் தெரிஞ்சா போதும். பெரியவங்களுக்கு 60-ல இருந்து 100 வரைக்கும் நார்மல். தொடர்ந்து பயிற்சி பண்ணினா மாசக் கணக்குல அது மெதுவா இறங்கும், ஏன்னா இதயம் ஒரு தடவை துடிக்கும்போதே ஜாஸ்தி ரத்தத்தைத் தள்ளப் பழகிக்குது. ஸ்மார்ட் வாட்ச் இருந்தா இந்த ஒரு எண்ணுக்கு அதை ஓரளவு நம்பலாம். அது காட்டற கலோரிக் கணக்கை நம்பி எக்ஸ்ட்ரா பரோட்டா சொல்லிடாதீங்க. அதே மாதிரி வீட்டு எடை மெஷின்ல 'பாடி ஃபேட் 31.4 சதவீதம்'னு புள்ளி வெச்சுக் காட்டுதே, அது காலுக்குள்ள மெல்லிய மின்சாரத்தை விட்டு உடம்புத் தண்ணியை வெச்சுப் போடற மதிப்பீடு. தண்ணி குடிச்சா மாறும். அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணுக்காகச் சண்டை போடாதீங்க.

பெத்தவங்களுக்கு என்ன அளக்கறதுன்னு கேட்டா, நான் தரையைக் காட்டுவேன். பிரேசில்ல 51 வயசுல இருந்து 80 வயசு வரைக்கும் ரெண்டாயிரம் பேரைத் தரையில உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாங்க. 2012-ல அந்த முடிவு வெளிவந்தது. கை ஊணாம, முட்டியைப் பிடிக்காம எழுந்தவங்களை விட, சிரமப்பட்டு எழுந்தவங்க அடுத்த சில வருஷத்துல இறந்தது அதிகம். நமக்கு இது பந்தியில தெரியும். இலையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு அம்மா எப்படி எழுந்திருக்காங்க? பக்கத்துல இருக்கறவங்க தோளைப் பிடிக்கறாங்களா? இப்பல்லாம் கல்யாண மண்டபத்துல எல்லாருக்கும் டேபிள் சேர் வந்துட்டதால அந்தப் பரீட்சையே இல்லாமப் போச்சு. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பாருங்க. எடை கேட்டு அம்மாவைச் சங்கடப்படுத்தறதை விட இது மேல்.

ரத்தம், அழுத்தம் ரெண்டையும் வீட்டு நூல் அளக்காது. அதுக்கு ஆள் வேணும், ஆனா ஆள் ரொம்பத் தூரத்துல இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நமக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சது. வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கற திட்டம். நகரத்துல இருக்கற நாமதான் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜைத் தள்ளுபடியில தேடிக்கிட்டு இருக்கோம், பெத்தவங்களுக்கு வாசல்லயே நடந்துடுது. உங்களுக்கு நான் சொல்றது, வருஷத்துக்கு ஒரு தடவை எச்பிஏ1சி. 5.7-க்குக் கீழ நல்லது. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரையோட வாசப்படி. அந்த மதிப்பெண் அட்டையில 60 வந்த பையன் மாதிரி இருந்தா, 30 வயசு ஆகட்டும்னு காத்திருக்காதீங்க.

இவ்வளவு சொன்னதால எடை மெஷினைப் பழைய இரும்புக் கடையில போடச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. நிறைய எடை இருக்கறவங்களுக்கு முட்டிக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தூக்கத்துல மூச்சு அடைக்கிறதுக்கு எடை குறையறது உண்மையிலேயே நல்லது பண்ணும். இதய நோயாளிகளுக்குத் திடீர்னு ரெண்டு கிலோ ஏறினா அது உடம்புல நீர் கோத்ததுக்கு அடையாளம், அவங்க தினமும் பார்த்தே ஆகணும். 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ மாதிரி ஊசி போட்டுக்கறவங்க டாக்டர் சொல்றபடி எடையைப் பார்ப்பாங்க, ஆனா அவங்களுக்குத்தான் தசை அளவும் ரொம்ப முக்கியம், ஏன்னா குறையற கிலோவுல தசையும் சேர்ந்து போகும். பார்க்கறதுன்னா வாரத்துக்கு ஒரு நாள், காலையில, கக்கூஸ் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி. நாலு வார எண்ணைச் சேர்த்துப் பாருங்க. ஒரு நாள் எண் வெறும் வதந்தி.

இப்போ அந்த வாய்ஸ் நோட்டுக்கு. தங்கச்சி, நைட்டு சாப்பாட்டை நிறுத்தாதே. எடை கண்டிப்பாக் குறையும், மூணு மாசமா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து சேர்த்த தசையும் கூடவே போகும். அப்புறம் அதே நாலு மாடி உனக்கு ஆறு மாடியாத் தெரியும். சாதத்தை ஒரு கரண்டி குறைச்சுக்கோ, ரெண்டு முட்டை வை, முட்டை ஆகாதுன்னா பயறு, கொண்டைக்கடலை, தயிர். ஊர்ல இருந்தா கொள்ளு ரசம் வெச்சுக் குடிப்பே, பெங்களூர்லயும் கொள்ளு கிடைக்கும். மெம்பர்ஷிப்பை விடறதும் தொடர்றதும் உன் காசு, உன் இஷ்டம். ஆனா அந்தப் பேண்ட் துவைச்சு லூஸானதா, உடம்பு மாறி லூஸானதான்னு தெரிஞ்சுக்காம விடாதே. டேப்பை எடுத்து இன்னிக்கே அளந்து வை. முதல் நாள் அளவு இல்லாட்டிப் பரவாயில்ல, மூணு மாசத்துக்கு முந்தின போட்டோ இருக்கும், பழைய பெல்ட்ல எந்த ஓட்டை தேய்ஞ்சிருக்குன்னு பாரு. அந்த உதட்டைப் பிதுக்கின ட்ரெய்னர்கிட்ட, முதல் வாரம் எத்தனை கிலோ தூக்கினேன், இப்போ எத்தனைன்னு நோட்டைக் காட்டச் சொல்லு. நோட்டே இல்லைன்னு சொன்னார்னா, ஜிம்மை விட வேண்டாம், ட்ரெய்னரை மாத்திடு.

அளந்துட்டு எண்ணை அனுப்பு. பேர் சொல்ல மாட்டேன்.

மத்தவங்களும் உங்க நூல் முட்டுச்சா இல்லையான்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த வாரம் தூக்கத்தைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன், லாரி ஹாரன் விட்டா.